மலை ஆடியது கடப்பாரையால் அல்ல, மச்சான்

என் பிரியத்துக்குரிய பெருமாள் மச்சானுக்கு,

நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து உனக்கு ஒரு கடிதம். அதுவும் என் கையால். நீ நம்பமாட்டாய். கைநாட்டு வைக்க எந்த விரலில் மை தடவுவது என்று உன்னைக் கேட்டவன் நான். இப்போது பென்சில் பிடித்து எழுதுகிறேன். ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் வருகிறது, அதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் மறுநாள் எழுந்ததும் கை முதலில் இந்த நோட்டைத்தான் தேடுகிறது. உன் தங்கச்சி வீராயி, "வெத்தலப் பையத் தேடுன ஆளு இப்ப பென்சிலத் தேடுது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

கூக்காலுக்கு மேலே இருக்கும் நம் குடியிருப்புக்கும் பள்ளிக்கூடம் வந்துவிட்டது மச்சான். ஓட்டுக் கட்டடம், ஒரே அறை. ரோஸ் டீச்சர் என்று ஒருவர் கொடைக்கானலிலிருந்து வந்து தங்கியிருக்கிறார். பூண்டு வேலை இல்லாத மாதங்களில், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பெரியவர்களுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாள் ஒன்பது பேர் போனோம். மாதம் முடியும்போது நான் ஒருவன்தான் மிஞ்சினேன். எனக்கு வெட்கமே இல்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். உண்மைதான். 'ழ' எழுத வந்த அன்று நான் குதிக்காத குறை.

இதை எதற்காக எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். சாகக் கிடந்தபோது நீ என்னிடம் ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? வீராயி கஞ்சி ஆற்றப் போயிருந்த நேரம். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே மாப்ளே, நெசமாவே ஒன் குத்துக்குத்தான் மலை ஆடுச்சா?" என்றாய். நான் பதில் சொல்லவில்லை. சொல்ல மனமில்லாமல் இல்லை, தெரியாமல்தான் சொல்லவில்லை. ஆமாம் என்றுதான் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தேன். இப்போது பதில் கிடைத்துவிட்டது. அதைத்தான் எழுத வந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் இந்தக் கடிதத்தை டீச்சர் படிப்பார், ஊரில் படிக்கத் தெரிந்த நாலு பேர் படிப்பார்கள். படிக்கட்டும். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

பங்குனியில் அம்மன் திருவிழாவுக்குத் தண்டோரா போட்டுச் சாட்டு விழுந்துவிட்டால், கோயில் பொங்கல் முடியும்வரை எட்டு நாள் நம் ஊரில் யாரும் மண்ணில் இரும்பு வைப்பதில்லை. ஏர் கிடையாது, மண்வெட்டி கிடையாது. அந்த எட்டு நாளும் அம்மன் மண்ணுக்குள் படுத்திருக்கிறாள் என்பது பெரியவர்கள் வைத்த வழக்கம். மீறியவன் பேரை ஒரு வருஷம் கோயிலில் கூப்பிடமாட்டார்கள். பொங்கலன்று பூசாரி ஒவ்வொரு வீட்டுக்காரன் பேரையும் சொல்லிக் கூப்பிட்டுத் திருநீறு கொடுப்பார் அல்லவா? செத்தவன் பேரையும் சொல்வார், அவன் வீட்டு ஆள் போய் வாங்கும். பேர் விட்டுப்போன வீட்டுக்குள் ஊரில் ஒருவரும் கால் வைக்கமாட்டார்கள்.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாட்டில், என் மேல்காட்டில் பூண்டு காய்ந்துகொண்டிருந்தது. ஊற்று நூல்போல ஓடியது. ஊற்றின் வாயில் ஒரு கல் அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை ஒரு நெம்பு நெம்பினால் போதும் என்று தினம் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் வெள்ளனே எழுந்தேன். உன் வீட்டுச் சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனேன். உன்னைக் கேட்கக்கூட இல்லை. நாலு குத்துக் குத்தினேன். கல் அசையவில்லை. ஆள் வரும் சத்தம் கேட்கவும், கடப்பாரையை அங்கேயே புதரில் செருகிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று பொழுது ஏறியபோது மலை ஆடியது.

முதலில் வந்தது சத்தம்தான். பாரம் ஏற்றிய லாரி ஒன்று பூமிக்கு அடியில் ஓடுவதுபோல. அடுப்பில் இருந்த பானை தானாக நகர்ந்தது. நாய்கள் குரைக்கவில்லை, ஊளையிட்டன. நான் வெளியே ஓடிவந்து பார்க்கும்போது மேல்காடு வழுக்கிக்கொண்டிருந்தது. என் காட்டில் பாதி கீழே இறங்கி முத்தையா காட்டின்மேல் உட்கார்ந்துகொண்டது. நடுவில் நின்ற பேரிக்காய் மரம் விழவே இல்லை. நின்றபடியே கீழே போய், அங்கே நின்றது. ஊற்று இருந்த இடத்தில் வெறும் பாறை. முத்தையாவின் சினைப்பசு மண்ணுக்குள் போய்விட்டது. மனிதருக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் நாம் ஒரு வெற்றிலை போடும் நேரத்துக்குள் முடிந்தது.

அந்தச் சரிந்த மண்ணில்தான் கடப்பாரை நீட்டிக்கொண்டு நின்றது. கொல்லன் போட்ட உன் வீட்டு அடையாளத்தோடு.

ஊர் கூடியது. சாட்டுக்குள் யார் இரும்பு வைத்தது என்று நாட்டாண்மை கேட்டார். நான் வாயைத் திறந்தேன் மச்சான், அது சத்தியம். பக்கத்தில் நின்ற நீ என் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு என் காலை மிதித்தாய். கட்டைவிரல் நசுங்கும்படி மிதித்துக்கொண்டே, "நான்தான் வச்சேன்" என்றாய். மலையே ஆடும்படி செய்தவன் என்று உன் பேரை ஆயுசுக்கும் விலக்கிவிட்டார்கள். கலைந்து போகும்போது நான் அழுதேன். நீ திட்டினாய்.

"கூறுகெட்டவனே, வீராயி நெறமாசமா இருக்கா. ஒன் வீட்டுக்குள்ள ஒருத்தரும் வரலன்னா அவளுக்கு யாரு பிரசவம் பாக்குறது? நான் ஒத்தக்கட்ட. எனக்கு யாரு வரணும்?"

மலை ஆடி ஒன்பது நாள் கழித்துப் பொன்னுத்தாயி பிறந்தாள். மருத்துவச்சி வந்தாள், ஊர்ப் பெண்களெல்லாம் வந்தார்கள். நீ உன் வாசலில் நின்று குழந்தையின் அழுகையைக் கேட்டாய்.

பிறகாவது நான் சொல்லியிருக்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு மாதம் தள்ளினேன். பூண்டு எடுக்கட்டும் என்று இன்னொரு மாதம். அப்புறம் பயம். வேறு காரணம் எழுதினால் பொய்யாகிவிடும். ஆறு வருஷம் நீ தனியாகச் சமைத்துத் தின்றாய். உன் தங்கச்சிகூட வாசலோடு நின்று பேசிவிட்டுத் திரும்பினாள். கடைசி நாலு நாள்தான் தடையைப் பார்க்காமல் நாங்கள் உள்ளே வந்தோம். அத்தனைக்கும் நீ ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. வழியில் பார்த்தால், "என்ன மாப்ளே, இன்னைக்கு எந்த மலைய ஆட்டப் போற?" என்று கேட்பாய். எனக்குச் சிரிப்பு வராது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

போன தை மாதம் டீச்சர் ஒரு பழைய செய்தித்தாளைக் கொடுத்து, பெரிய எழுத்தைப் படிக்கச் சொன்னார். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'பூமி அதிர்ச்சி' என்று இருந்தது. அங்கே யார் சாட்டை மீறினார்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அங்கே சாட்டே கிடையாது, அது வடக்கே எங்கோ இருக்கும் ஊர் என்றார். பூமி தானாக ஆடும் என்றார். கொடைக்கானலில் மலைமேல் ஒரு பங்களாவில் அதைப் பார்ப்பதற்கென்றே ஒரு மெஷின் இருக்கிறது, பூமி ஆடினால் அதில் இருக்கும் ஊசி தாளில் கோடு இழுக்கும், பழைய தாள்களையெல்லாம் தேதி போட்டுக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

தேதி என்றதும் எனக்கு ஒன்று தோன்றியது. பொன்னுத்தாயியின் பிறப்புச் சீட்டு தகரப் பெட்டியில் கிடந்தது. பதினெட்டு வருஷமாகக் கரையான் அரிக்காமல் காப்பாற்றினேனே தவிர, அதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எடுத்துப் படித்தேன். நாள், மாதம், வருஷம் எல்லாம் இருந்தது. அதிலிருந்து ஒன்பது நாள் விரல் விட்டுப் பின்னால் போனேன். மலை ஆடிய தேதி என் விரலில் வந்து நின்றது. பதினெட்டு வருஷமாக நான் பயந்த நாளுக்கு ஒரு நம்பர் இருந்திருக்கிறது மச்சான்!

அந்தத் தேதியை ஒரு தாளில் நானே எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கொடைக்கானல் போனேன். அந்தப் பங்களாவில் தினமும் தாள் மாற்றும் வேலை பார்ப்பவர் சூசை. பழக்கம்தான், நம் உருளைக்கிழங்கு அவர் வீட்டுக்குப் போகும். விஷயத்தைச் சொல்லாமல் தேதியை மட்டும் நீட்டினேன். அவர் அங்கே அதிகாரியாக இருக்கும் பெரிய அய்யாவிடம் கேட்டுவிட்டு, கட்டை அவிழ்த்துத் தாளை எடுத்தார். கரிப்புகை பிடித்த கறுப்புத் தாள். அதில் தலைமுடி கனத்தில் வெள்ளைக் கோடுகள், வரிசை வரிசையாக. ஓர் இடத்தில் மட்டும் கோடு கோழி கிளறிய மண்ணாகக் கிடந்தது.

"இதுதான் பெரியவரே ஒங்க ஆட்டம். காலைல பத்தரை மணி. ரொம்ப கிட்டக்கன்னு அய்யா எழுதி வச்சிருக்காரு" என்றார் சூசை. பிறகு அதற்கு முந்தின தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதிலும் ஒரு சின்னக் கிளறல். "இது முந்தின நாள் மத்தியானம். ஒங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்காது. மெஷினுக்குத் தெரியும். இது மொதல்ல லேசா வந்துச்சு, மறுநாள் பெருசா வந்துச்சு. ரெண்டும் ஒரே எடம்."

தாளின் ஓரத்தில் இருந்த தேதியை அவர் சொல்வதற்கு முன்னால் நானே படித்தேன். முந்தின நாள்தான். இரண்டு தரம் படித்தேன். அந்த நாள் மத்தியானம் நான் கடப்பாரையைத் தொடவே இல்லை. தொடும் எண்ணம்கூட இல்லை. வீட்டில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பேன். அதற்கு முன்னாலேயே மலை ஆட ஆரம்பித்துவிட்டது.

சூசை ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். அவரிடம்தான் முதல்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "பெரியவரே, ஒரு கடப்பாரைக்கு மலை ஆடும்னா, இந்த மலைக்குக் காட்ரோடு போட்டப்ப எத்தன வேட்டு வச்சாங்க? இந்நேரம் கொடைக்கானல் கீழ வத்தலக்குண்டுலல்ல கெடக்கும்" என்றார். அப்போது நான் சிரித்தேன். பதினெட்டு வருஷத்துச் சிரிப்பு. பக்கத்து அறையிலிருந்து பெரிய அய்யா எட்டிப் பார்த்தார்.

சூசை டீ வாங்கிக்கொடுத்தார். டம்ளரில் பால் ஏடு படிந்திருந்தது. அதன் ஓரத்தை விரலால் மெல்லத் தள்ளிக் காட்டினார். நடுவில் ஏடு சுருங்கி மடிப்பு விழுந்தது. நாம் நிற்கும் பூமியும் இந்த ஏடு மாதிரிதானாம், உள்ளே சூடாம். நம் தேசம் முழுவதும் ஒரே பாளமாக வடக்குப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கிறதாம். போய் முட்டுகிற இடத்தில்தான் இமயமலை மடிந்து எழும்பி நிற்கிறதாம், இன்னும் எழும்புகிறதாம். நம் மலை முட்டுகிற ஓரத்தில் இல்லை. ஆனாலும் அந்த நெருக்கல் பாறைக்குள்ளேயே இங்கே வரைக்கும் வருமாம். அடியில் எங்காவது பழைய வெடிப்பு இருந்தால், ஒரு நாள் தாங்கமாட்டாமல் விலகிக்கொடுக்குமாம். படித்தவர்கள் எல்லோரும் இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் பெரிய அய்யா ஒத்துக்கொள்கிறார் என்றார். நானும் ஒத்துக்கொண்டேன்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். எத்தனை தரம் போன வழி. அசையாதது எது என்று கேட்டால் இந்த மலையைத்தான் காட்டியிருப்பேன். அதுவும் நகர்கிறது என்றால், யார் தள்ளி நகர்கிறது? நானா தள்ளுகிறேன்? நமக்கு ரொம்பத்தான் பெரிய நினைப்பு மச்சான்.

வீராயியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவள் பூண்டைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னேன். அவள் கை நிற்கவில்லை. கடைசியில், "எங்கண்ணனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். தெரியும், அவன்தான் என் காலை மிதித்தான் என்றேன். அதன்பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டு தரையில் விழும் சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். எனக்கு அது வேண்டும். நாலாம் நாள் தட்டை வைத்துவிட்டு நின்றாள்.

"எங்கிட்ட சொல்லி என்ன? எங்கண்ணன் பேரு போனது ஊர்ல. ஊர்ல போயிச் சொல்லுங்க."

சாட்டுக்கு முன்னால் நடக்கும் ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். கடப்பாரை வைத்தது நான், பெருமாள் இல்லை என்றேன். பிறகு சூசை காட்டிய தாளைப் பற்றிச் சொன்னேன், முந்தின நாள் கோட்டைப் பற்றிச் சொன்னேன், டீ ஏட்டைப் பற்றியும் சொன்னேன். டீச்சரும் வந்திருந்தார். பேப்பரில் இருந்ததைப் படித்துக் காட்டினார். பாதிப் பேருக்குப் புரிந்தது. மீதிப் பேருக்கு நான் படித்தவனாகிவிட்டேன் என்பது மட்டும் புரிந்தது.

முத்தையா எழுந்தான். அவனுக்கும் தலை முழுக்க நரைத்துவிட்டது. பதினெட்டு வருஷமாக அவன் கோபம் முழுவதும் உன்மேல்தான். "அப்ப எம் மாடு செத்ததுக்கு இனிமே நான் யாரத் திட்டுறது?" என்று கேட்டான். விளையாட்டாகக் கேட்கவில்லை.

"வடக்க பாத்துத் திட்டுப்பா. இமயமலதான் காரணம்" என்றேன். ஊரே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். உன் கருமாதிக்கு வராதவன் அவன் என்பது எனக்குத் தெரியும். இப்போது என்ன நினைத்துக் கண்ணைத் துடைத்தான் என்று நான் கேட்கவில்லை.

நாட்டாண்மை இப்போது பழையவரின் மகன். விவரமான ஆள். "சரி, மலை ஒங்களால ஆடல. ஆனா நீங்க இரும்பு வச்சது வச்சதுதான?" என்றார். ஆமாம் என்றேன். பெருமாளுக்கு ஆயுசுக்கும் விலக்கு வைத்தது மலை ஆடியதற்காக, அது இனிமேல் செல்லாது, இரும்பு வைத்ததற்கு வழக்கப்படி ஒரு வருஷம்தான், அதை வைத்தவர் வாங்கிக்கொள்ளட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்டனையா பரிசா என்று யாரோ பின்னால் கேட்டார்கள்.

அந்தப் பழைய ஊற்று எங்கே போயிற்று என்று உனக்குத் தெரியாதே. நீ போன மறுவருஷ மழையில் அது கோயிலுக்குக் கீழே, ஊர்ப் பொதுவில், ஒரு பாறை இடுக்கிலிருந்து வெளியே வந்துவிட்டது. முன்பு என் காட்டுக்கு மட்டும் பாய்ந்த தண்ணீரை இன்று ஊரே குடிக்கிறது. சரிந்த மண் கிடந்த இடமும் நல்ல சமதளமாகிவிட்டது. பள்ளிக்கூடம் அங்கேதான் கட்டியிருக்கிறார்கள். நான் எழுத்துப் படித்தது, பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் மேலேயிருந்து இறங்கிவந்த என் காட்டு மண்ணின்மேல் உட்கார்ந்துதான்.

நேற்றுப் பொங்கல். விலக்கு இருப்பதால் நான் கோயில் எல்லைக்குள் போகவில்லை. எல்லைக்கு வெளியே சரிவில் ஒரு கல்லில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல உச்சிவெயில். பூசாரி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். உங்கள் தெருவின் பேர்கள் வந்தன. என் காது இரண்டும் அங்கேதான் இருந்தன. உன் அப்பா பேரைச் சொல்லி, "மகன் பெருமாளு" என்றார். மேளக்காரன் ஒரு தட்டுத் தட்டினான். வீராயி உன் தங்கச்சியாக முன்னால் போய் இரண்டு கையையும் நீட்டித் திருநீறு வாங்கினாள். தூரத்திலிருந்து பார்க்கும்போதே அவள் தோள் குலுங்குவது தெரிந்தது.

அடுத்த தெருவில் என் பேர் வரவேண்டிய இடம் வந்தது. பூசாரி அதைத் தாண்டிப் போனார். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது மச்சான். அந்தத் தாண்டல் என்னுடையது. இத்தனை வருஷமும் நீ அதை எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்தாய்.

உன் கேள்விக்குப் பதில் இதுதான்: இல்லை. என் குத்துக்கு மலை ஆடவில்லை. உன் ஆறு வருஷத்தைப் பறித்தது மலையும் இல்லை, நான்தான். அதை நான் செய்யவில்லை என்று காட்ட எந்த மெஷினிலும் ஒரு கோடு கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கிறாள். பொன்னுத்தாயியைப் பாச்சலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். நீ யாருக்காக என் காலை மிதித்தாய் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. ஊர் வாயால் தெரியவேண்டாம். நாளைக் காலை முதல் பஸ்ஸில் கிளம்புகிறேன். அவள் எதிரில் உட்கார்ந்து, ஒன்றையும் குறைக்காமல், என்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் என் வாயாலேயே சொல்வேன். கோபப்பட்டாலும் சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன்னிடம் மிதி வாங்கிய மாப்பிள்ளை,
சடையாண்டி